பின் டயரை அகலமா போட்டா வண்டி பிடிச்சு நிக்குமா?

அகல டயர் போட்ட கார், ரோட்டில் இருக்கிற பள்ளம், ஒட்டு, விளிம்பு எதையாவது பிடிச்சுக்கிட்டு, அது இழுக்கிற பக்கமே போகப் பார்க்கும். இதுக்கு கார்க்காரங்க வச்சிருக்கிற பேர் 'டிராம்லைனிங்'. டிராம் தண்டவாளத்தில் மாட்டின மாதிரி போகுதாம். மத்த ஊர்க்காரங்களுக்கு இது வெறும் உவமை. எங்க கல்கத்தாவில் நிஜமாவே தண்டவாளம் இருக்கு! 1873-ல் குதிரை இழுத்துக்கிட்டுப் போன காலத்தில் ஆரம்பிச்ச டிராம், இன்னிக்கு பேருக்குத்தான் மிச்சம். ஆனா தண்டவாளம் பல தெருவில் தாருக்கு நடுவில் அப்படியே கிடக்கு. மழை பெஞ்சு அந்த இரும்பு நனைஞ்சா எப்படி வழுக்கும்னு இங்கே டூவீலர் ஓட்டற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

இந்த ஊர்லதான் நம்ம பையன்கள், பவர் ஏத்தி உயரத்தை இறக்கின காருக்குப் பின்னாடி ரெண்டு பெரிய அகல டயர் போடணும்னு நிக்கிறாங்க. வேண்டாத வேலைங்கறது என் கட்சி. "அங்கிள்க்கு வயசாயிடுச்சு, அதான் இப்படிப் பேசறாரு"ன்னு சொல்லிடக்கூடாது இல்லையா, அதனால கணக்கோட சொல்றேன். இதைப் பையன்கள் படிச்சாலும் சரி. ஆனா நான் எழுதறது முக்கியமா அவங்களோட அப்பா அம்மாவுக்கு.

நாம ஊரை விட்டு வந்த புதுசில் பஸ்ஸில் தொங்கினோம், மெட்ரோவில் நசுங்கினோம், அப்புறம் தவணை கட்டி ஒரு மாருதி வாங்கினோம். பிள்ளைங்க கதை வேற. வேலைக்குப் போன ரெண்டாம் வருஷமே செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் செடான் வாசலில் வந்து நிக்குது. சந்தோஷம்தான், இல்லைங்கல. சிக்கல் எங்கேன்னா, அந்த வண்டியில் என்ன பண்றாங்கன்னு பெத்தவங்களுக்குப் புரியறதில்லை. புரியாததால் கேக்கறதில்லை. தீபாவளிக்கோ பூஜா லீவுக்கோ அதே வண்டியில் பின் சீட்டில் ஏறி பூரி வரைக்கும் போயிட்டு வராங்க. அவங்க உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் கீழேதான் நான் சொல்ற டயர் சுத்திக்கிட்டிருக்கு.

எங்க குடியிருப்பில் ஒரு பையன் இருக்கான். லேக் மார்க்கெட் பக்கமே பிறந்து வளர்ந்தவன், தமிழ் பேசினா 'வ' எல்லாம் 'ப' ஆயிடும் :-) ரொம்ப நல்ல பையன். வண்டி பின் சக்கரத்தில் இழுக்கிற டர்போ செடான். கம்பெனி கொடுத்தது சுமார் 250 குதிரை. ரீமேப் பண்ணி முந்நூறைத் தாண்டியாச்சு. ஸ்பிரிங் மாத்தி நாற்பது மில்லிமீட்டர் இறக்கியாச்சு. இப்போ பின்னாடி 275 போடணுமாம்.

"ஏம்ப்பா?"ன்னேன்.

"ஃபர்ஸ்ட் கியர்ல மிதிச்சா வீல் ஸ்பின் ஆகுது அங்கிள். கிரிப் பத்தல."

அவன் சொல்றதில் நியாயம் இருக்கு, அதை முதல்ல ஒத்துக்கறேன். பவர் கூடக்கூடப் பின் சக்கரம் சுத்தி வழுக்கும். கார் கம்பெனிகளே பின்னாடி அகலமா போட்டுத் தராங்க. எழுபதுகளில் வந்த போர்ஷே 911 டர்போவிலேயே முன்னாடி இருக்கிறதை விட பின்னாடி டயர் அகலம். எஞ்சினே பின்னாடி உட்கார்ந்திருக்கிற வண்டி அது, மிதிச்சா பின்பக்கம் கழண்டுக்கும்னு பேர் வாங்கினது. அதுக்காக அவங்க டயரை மட்டும் மாத்தலை. சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடையே வெளியே வீங்க வச்சாங்க, அடியில் சஸ்பென்ஷனையும் அதுக்குத் தகுந்தா மாதிரி மாத்தினாங்க. நம்ம பையன் மாத்தப் போறது டயரும் ரிம்மும் மட்டும். வித்தியாசம் அங்கேதான்.

இப்போ கணக்கு. டயர் ஓரத்தில் 225/45 ஆர் 18-னு எழுதியிருந்தா, அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரோட உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் விட்டம் 18 அங்குலம். பக்கச் சுவர் 101 மில்லிமீட்டர் வருது. ரெண்டு பக்கமும் சேர்த்து, ரிம்மையும் கூட்டினா மொத்த விட்டம் சுமார் 660. பையன் கேக்கற 275/40 ஆர் 18-க்கு 677. பதினேழு மில்லிமீட்டர் அதிகம். சக்கரத்தோட மேல் விளிம்பு, ஃபெண்டர் பக்கமா கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர் நெருங்கிடும். ஏற்கெனவே நாற்பது இறக்கின வண்டி! அகலத்தில் ஐம்பது கூடுது. ரிம்மோட ஆஃப்செட் மாறாம இருந்தா உள்பக்கம் இருபத்தஞ்சு, வெளிப்பக்கம் இருபத்தஞ்சு. உள்பக்கம் சஸ்பென்ஷன் கை இருக்கு, வெளிப்பக்கம் ஃபெண்டர் தகடு இருக்கு. ஒருத்தனா ஓட்டறப்ப ஒண்ணும் தெரியாது. பின் சீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, டிக்கியில் ரெண்டு பெட்டின்னு ஏத்திக்கிட்டு ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினா, தகடோட ஓரம் டயரோட தோளை சீவிக்கிட்டு வரும். கரகரன்னு ஒரு சத்தம். பாட்டைச் சத்தமா வச்சிருந்தா அதுவும் கேக்காது.

அதுக்குத்தான் ஃபெண்டர் ஓரத்தை உள்பக்கமா மடிச்சு விடறாங்க. தகடு மடங்கின இடத்தில் பெயிண்ட் வெடிக்கும். ஆற்றோரத்து ஈரக்காத்து உள்ள ஊரில் பெயிண்ட் வெடிச்ச தகடு என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

அடுத்தது எலெக்ட்ரானிக்ஸ். ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் நாலு சக்கரமும் சுத்தற வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வழுக்குதா இல்லையான்னு முடிவு பண்ணுது. பின் சக்கரம் ரெண்டரை சதவீதம் பெரிசானா, நேர் ரோட்டில் போறப்பவே அது முன் சக்கரத்தை விட மெதுவா சுத்தும். கம்ப்யூட்டருக்கு நாம பொய்க் கணக்கு கொடுத்த மாதிரி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா இன்னும் மோசம், பவரைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி ஓயாம உராய்ஞ்சு சூடாகும். இதே அகலப்படுத்தறதை 255/40-ல் பண்ணியிருந்தா விட்டம் 661, வித்தியாசம் வெறும் ஒண்ணரை மில்லிமீட்டர். பல கம்பெனிகள் 225-க்கு ஜோடியா 255 கொடுக்கறதோட ரகசியம் இந்தச் சின்னப் பெருக்கல்தான்.

சரி, பிடி கூடுமா கூடாதா?

டயர் தரையைத் தொடற பரப்பை முக்கியமா தீர்மானிக்கிறது ரெண்டு விஷயம், அது மேலே இருக்கிற எடை, உள்ளே இருக்கிற காத்தழுத்தம். ஒரு சக்கரத்து மேல 400 கிலோ, உள்ளே 33 பி.எஸ்.ஐ.ன்னா, தொடற இடம் தோராயமா 170 சதுர சென்டிமீட்டர். ஒரு கையை விரிச்சு வச்ச மாதிரி, அவ்வளவுதான். அகல டயர் போட்டா இந்தப் பரப்பு பெரிசா கூடறதில்லை, வடிவம்தான் மாறுது. நீளமா இருந்தது குட்டையா, அகலமா ஆகுது. காய்ஞ்ச ரோட்டில், வளைவில், அந்த வடிவத்தால் நன்மை உண்டு. ரப்பர் சூடும் பரவலாகும். பந்தயத்துக்கு நல்லதுதான். ஆனா பந்தயக்காரன் மழை வந்தா என்ன பண்றான்? நம்ம இருங்காட்டுக்கோட்டையில் பாருங்க. வழவழப்பு டயரைக் கழட்டிட்டு ஆழமா வெட்டின மழை டயரை மாட்டறான். அவனுக்கு வேற டயர் இருக்கு, மாட்ட ஆள் இருக்கு. இ.எம். பைபாஸில் போயிட்டிருக்கிற நம்ம பையனுக்கு யார் இருக்கா?

கல்கத்தா மழையைப் பத்திச் சொல்லியே ஆகணும். 2025 செப்டம்பரில், பூஜாவுக்கு முந்தின வாரம், 22-ம் தேதி ராத்திரி ஆரம்பிச்சு மறுநாளுக்குள்ள 250 மில்லிமீட்டருக்கு மேலே கொட்டித் தீர்த்தது. பாதி நகரம் முழங்கால் தண்ணியில். தண்ணியில் மின்சாரம் பாய்ஞ்சே பலர் செத்தாங்க. அந்த மாதிரி நாளில் யாரும் வேகமா ஓட்ட முடியாது, டயர் அகலமா இருந்தா என்ன, ஒல்லியா இருந்தா என்ன. எனக்குப் பயம் அந்த நாள் இல்லை. சாதாரண ஜூலை மாசத்து ராத்திரி, மழை விட்டு அரை மணி ஆன பிறகு, மா ஃப்ளைஓவரில் ரெண்டு மில்லிமீட்டர் தண்ணி படலமா நிக்குமே, அந்த நேரம்தான். ரோடு காலி. விளக்கு வெளிச்சத்தில் பளபளன்னு இருக்கும். பையன் நூறைத் தொடுவான்.

தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகத்துக்கு, அறுபதுகளில் நாசா ஆட்கள் விமான டயரை வச்சு ஒரு கணக்கு போட்டாங்க. காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தை வச்சு வர்ற கணக்கு. 33 பி.எஸ்.ஐ.க்குப் போட்டுப் பார்த்தா மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர் வருது. கார் டயருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்லலை, சுமாரான ஒரு எல்லைக்கோடா வச்சுக்கங்க. டயர் தேய்ஞ்சிருந்தா அதுக்கும் கீழேயே மிதக்கும். டயர் அகலமா இருந்தாலும் அப்படித்தான், ஏன்னா நடுவில் மாட்டின தண்ணி வெளியே போக இன்னும் அதிக தூரம் ஓடணும். இன்னொண்ணு, முன் டயர் தண்ணியை ஒதுக்கி ஒரு தடம் போட்டுத் தரும், அதே தடத்தில் பின் டயர் வரும். முன்னாடி 225, பின்னாடி 275-ன்னா, அந்த ஐம்பது மில்லிமீட்டர் ஒதுக்காத தண்ணியில்தான் உருளும். முன் டயர் மிதந்தா ஸ்டீயரிங் லேசாகிக் கையில் தெரியும், காலை எடுத்துடுவோம். பின் டயர் மிதந்தா தெரியற நேரத்தில் வண்டி குறுக்கே நிக்கும்.

இந்த நகரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேல ஓடின அம்பாசடர் பக்கத்து உத்தர்பாடாவில் தயாரானது, 2014 வரைக்கும். அதோட டயர் 5.90-15. ஆறு அங்குலம்கூட இல்லாத ஒல்லி டயர், அதுவும் பின் சக்கரத்தில் இழுக்கிற வண்டி. தேங்கின தண்ணியைக் கத்தி மாதிரி கிழிச்சுக்கிட்டுப் போகும். (மிதக்கிற வேகத்துக்கு அது போகவே போகாது, அது வேற விஷயம்!) டயர் பத்தித் தெரியாத ஊரும் இல்லை இது. இந்தியாவோட முதல் டயர் ஃபேக்டரி, டன்லப், 1936-ல் ஹூக்ளி மாவட்டத்தில் சாகாகஞ்சில்தான் வந்தது. நம்ம அம்பத்தூருக்கு அது வந்தது அதுக்கு இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு. ரெண்டு ஊர்லயும் இன்னிக்கு பஸ் ஸ்டாப் பேரில்தான் அது மிச்சம் இருக்கு.

நான் எல்லாத்தையும் விட அதிகமா கவலைப்படற விஷயத்தை இன்னும் சொல்லலை. வண்டியை இறக்கினா பின் சக்கரம் தலையை உள்பக்கமா சாய்ச்சுக்கும். கேம்பர்னு சொல்றது இதைத்தான். ஒல்லி டயர்ல அந்தச் சாய்வு பெரிசா தெரியாது. அகல டயர்ல பாரம் முழுக்க உள் விளிம்பில் ஒரு பட்டை மேல விழும். வெளியிலிருந்து பார்த்தா டயர் புதுசு மாதிரி, பூவெல்லாம் அழகா இருக்கும். வண்டிக்கு அடியில் குனிஞ்சு பார்த்தா உள் ஓரம் மொட்டை. இன்னும் கொஞ்ச நாள் விட்டா உள்ளே இருக்கிற கம்பி தெரியும். மல்லிக் பஜாரில் எனக்குத் தெரிஞ்ச ஒரு மிஸ்திரி, இறக்கின வண்டி வந்தாலே முதல்ல லிஃப்டில் ஏத்தி உள் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். அகல டயர் காசு, ரிம் காசு, ஃபெண்டர் மடிக்கிற காசுன்னு லட்சக்கணக்கில் செலவழிச்சு, கடைசியில் தரையைத் தொடறது பழைய டயரை விட ஒல்லியான ஒரு பட்டை. இதுக்கு எதுக்கு 275?

போதாததுக்கு சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அசல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் 182-ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும்னு சொல்லுது. ஐயாயிரம் பெரிய காசில்லைதான். நாளைக்கு ஏதாவது ஒண்ணு நடந்தா, இன்ஷூரன்ஸ்காரன் கையில் ஒரு நல்ல காரணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும், அதுதான் பெரிசு.

2018 ஜூன் 3 ஞாயித்துக்கிழமை, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹவுரா டோம்ஜூர் பகுதியில், நெடுஞ்சாலை மேம்பாலத்துப் பக்கச் சுவரில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா டி மோதினது ஞாபகம் இருக்கும். ஓட்டினவர் இறந்தார். கூட வந்த சின்னப் பொண்ணுக்குப் பலத்த அடி. நண்பர்களோட காரில் ஒரு ஞாயிறு ஓட்டம் போயிட்டுத் திரும்பற வழி. அதுக்கு டயர் காரணம்னு நான் சொல்லவே இல்லை. அந்த மாடலுக்கு ஃபெராரி கொடுக்கிற அளவு முன்னாடி 245, பின்னாடி 285. ரிம், ஸ்பிரிங், கம்ப்யூட்டர் எல்லாம் அந்த அளவுக்குன்னே செஞ்ச வண்டி. உலகத்திலேயே நல்ல இஞ்சினியர்கள் உட்கார்ந்து போட்ட அகலம் அது. "பின்னாடி பெரிசா போட்டுட்டேன், இனி பிடிச்சுக்கும் அங்கிள்"னு ஒருத்தன் சொன்னா எனக்கு அந்தப் படம்தான் கண்ணில் வருது.

அப்போ முந்நூறு குதிரையை வச்சுக்கிட்டு அந்தப் பையன் என்னதான் பண்றது? நான் அவன்கிட்ட சொன்னது இதுதான். ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்கு ஏத்து, மனசு கேக்கலேன்னா பதினஞ்சு மில்லிமீட்டரோட நிறுத்து. அலைன்மென்ட் பார்க்கறப்ப பின் சக்கரத்துக் கேம்பரையும் அளந்து காகிதத்தில் அடிச்சு வாங்கு. கம்பெனியே அந்த மாடலுக்கு 255 கொடுத்திருந்தா, அதே ரிம், அதே ஆஃப்செட்டோட போட்டுக்கோ, நான் குறுக்கே நிக்கலை. இல்லேன்னா இருக்கிற அகலத்திலேயே, ஈர ரோட்டில் நல்லா பிடிக்கிற உயர்ந்த ரக ரப்பர் வாங்கு. 275-க்கும் ஒன்பதரை அங்குல ரிம்முக்கும் ஆகிற காசில் இதை நாலு சக்கரத்துக்கும் போட்டு மிச்சமும் பிடிக்கலாம். ஃபர்ஸ்ட் கியர் வழுக்கல் நல்ல ரப்பர்ல பாதி குறையும், மீதி பாதி வலது காலில் இருக்கு.

அவன் இன்னும் முடிவு பண்ணலை. ரிம்முக்கு முன்பணம் கொடுக்கலைங்கற வரைக்கும் எனக்குச் சந்தோஷம்.

அப்பாக்களுக்கு ஒரு சின்ன வேலை. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் தனியா ஒரு கட்டத்தில் இருக்கும். 2324-ன்னா 2024-ம் வருஷத்து 23-வது வாரம் செஞ்சது. செகண்ட் ஹேண்டில் வாங்கின வண்டியில் இதை முதல்ல பாருங்க. பூவுக்கு நடுவில் சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம்னு அர்த்தம், சட்டப்படி அதோட சரி. மழைக்கால ஊருக்கு நான் மூணு மில்லிமீட்டரிலேயே மாத்திடுவேன். ரெண்டே ரெண்டு புது டயர்தான் வாங்க முடியும்னா, எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும் புதுசைப் பின்னாடி போடுங்க. முன்னாடி பின்னாடி வேற வேற அளவுன்னா இடம் மாத்திப் போட முடியாது, ஒரு ஸ்டெப்னி ரெண்டுக்கும் பொருந்தாது. பூரி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அது தெரிய வர வேண்டாம்.

உள் ஓரத்தைப் பார்க்க குனிய முடியாதவங்க, போனில் டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓட விட்டு, பின் சக்கரத்துக்குப் பின்பக்கமா கையை நீட்டி எடுங்க. வண்டியை அரை அடி தள்ளி நிறுத்திட்டு இன்னொரு தடவை. ரெண்டு நிமிஷ வேலை. பையன் தூங்கி எழுந்திருக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.